கருவி யார் கையில்? கட்டளை யார் மொழியில்?

(பல்லேகலையில் நடைபெற்ற தமிழ் மக்கள் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



புதிய கருவிகளைப் பற்றிப் பேசும்படி இளைஞர்கள் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். கைத்தொலைபேசிக்கும் அரசியல் மேடைக்கும் என்ன சம்பந்தம் என்று முன்வரிசையிலிருக்கும் பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சம்பந்தம் உண்டு, நெருங்கிய சம்பந்தமே உண்டு. முன்னர் கச்சேரி வாசலில் தீர்மானிக்கப்பட்ட பல காரியங்கள் இன்று கையகலக் கண்ணாடியொன்றில் தீர்மானிக்கப்படுகின்றன. அப்படியாயின், கச்சேரியிலே நாம் எந்த உரிமையைக் கேட்டோமோ அதே உரிமையை அந்தக் கண்ணாடியிடமும் கேட்கவேண்டும் அல்லவா?

முதலில் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய கருவியொன்று சந்தைக்கு வந்ததும் அதை வாங்கிப் புரட்டிப் பார்ப்பதும், அதன் குணம் குற்றங்களை நண்பர்களோடு விவாதிப்பதும், புதிய விளையாட்டொன்றை இரவிரவாக ஆடித் தீர்ப்பதும் வீண் வேலை என்று அவர்களை ஏசுவோர் நம்மிடையே உண்டு. அந்தக் கட்சியில் நாம் இல்லை. ஆர்வத்தோடு கருவியை நோண்டிய தமிழர்கள் இருந்திராவிட்டால் இன்று கணினியில் தமிழே இருந்திராது. மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் ஓய்வு நேரத்தில் உழைத்து எழுத்துருக்களைச் செய்தார்கள். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1998ஆம் ஆண்டு பொங்கலையொட்டித் தமிழ் இலக்கியங்களை மின்னேடாக்கும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டிலே தமிழுக்கென ஒரு விசைப்பலகை வகுக்கப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலின் நினைவோடு, 2005இல் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வடிவிலே சேர்த்து வைக்கும் ‘நூலகம்’ என்னும் பணியை இளைஞர்கள் தொடங்கினார்கள். தீக்குச்சி எட்டாத இடத்தில் ஓர் இனத்தின் ஏடுகள் இன்று இருக்கின்றன என்றால், அது கருவியை நேசித்தவர்கள் செய்த தொண்டு. ஆகவே, இளைஞர்களே, நோண்டுங்கள், ஆராயுங்கள், ஆடுங்கள். ஆனால் நாம் சொல்லும் சில கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள்.

கருவி புதிது, கேள்வி பழையது. 1867ஆம் ஆண்டு கண்டிக்குப் புகையிரதம் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அக்காலத்தில் அந்தப் புகையிரதத்தைவிடப் புதுமையான பொறி இந்நாட்டில் இருக்கவில்லை. ஆனால் அது எவருக்காக வந்தது? கோப்பித் துரைமாரின் மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக வந்தது. அந்தக் கோப்பியைப் பறித்தவர்களோ மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலையேறிய நம் முன்னோர். வழியில் மாண்டவர்கள் பலர். பொறியின் பயன் பொறியிலே இல்லை. அதை ஏவுகின்றவன் யார் என்பதிலே இருக்கிறது.

இதைத் துலக்கமாக விளக்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. இந்தப் பல்லேகலையிலே சர்வதேச கிரிக்கெட் மைதானம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆட்டம் பார்த்தவர்கள் நடுவரின் தீர்ப்பை மேன்முறையீடு செய்யும் முறையை அறிவீர்கள். அந்த முறை டெஸ்ட் ஆட்டங்களில் முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது 2008இல், இந்த இலங்கையிலே, இந்திய அணி வந்து ஆடிய தொடரில்தான். பந்து எங்கே விழுந்தது, எங்கே போயிருக்கும் என்று பொறி காட்டுகிறது. அதன் முடிவை ஆட்டக்காரர்கள் ஏன் ஏற்கிறார்கள்? பொறி ஒருபோதும் பிழை விடாது என்பதனாலா? இல்லை. எத்தனை முறை முறையிடலாம், யார் முறையிடலாம், ஐயமிருந்தால் யாருடைய தீர்ப்பு நிற்கும் என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கின்றன. இரு அணிக்கும் அவை ஒன்றே. பொறி காட்டுவதை மைதானம் முழுவதும் பார்க்கிறது. அதனால் ஏற்கிறார்கள். அந்தப் பொறியில் நம்பிக்கை கொள்ளாத இந்தியக் கிரிக்கெட் சபை, 2008க்குப் பின்னர் பல ஆண்டுகள் அதற்கு இணங்க மறுத்து, 2016இலேதான் இணங்கியது. மறுத்தவர்களைப் பிற்போக்காளர் என்று எவரும் ஒதுக்கவில்லை. பந்தாட்டத்துக்கு இத்தனை நிபந்தனை உண்டென்றால், மனிதனின் கூலிக்கும் காணிக்கும் உயிருக்கும் நிபந்தனை வேண்டாமா?

முதற் கேள்வி, கருவி எந்த மொழியில் பேசுகிறது என்பது. 1956இல் சிங்களம் மாத்திரம் என்று சட்டம் செய்தார்கள். 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதினார்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே வாழும் தமிழருக்கு அதில் என்ன உண்டு என்று கேட்பவர்கள் 22ஆம் உறுப்புரையை வாசிக்கவேண்டும். சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசங்களிலும், அரச உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்பாடவும், அலுவல் நடத்தவும், பதில் பெறவும் உங்களுக்கு உரித்து உண்டு. கண்டி மாவட்டத்திலே அந்த உரித்து இருக்கிறது. உத்தியோகத்தருக்குப் பதிலாக ஓர் இணையப் படிவம் வந்து நின்றால் அந்த உரித்து செத்துப் போகுமா? போகாது. படிவமும் உத்தியோகத்தரின் கையே. பெயரளவில் தமிழ் இருந்து, அமுக்கினால் ஆங்கிலம் வருமாயின், அது தமிழ்ப் படிவம் ஆகாது. அதற்கெதிராக முறையிடுவதற்கு 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது. முறைப்பாடு இல்லாத இடத்தில் குறையே இல்லை என்றுதான் ஆட்சியாளர் கணக்கெழுதுவார்கள்.

மொழியறியாத கருவி என்ன செய்யும் என்பதை இந்த மண் கண்ணாரக் கண்டது. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதக் கடைசியில், உணவிலே மலடாக்கும் மாத்திரை கலக்கிறார்கள் என்ற வதந்தி அம்பாறையில் கைத்தொலைபேசி வழியே பரவியது. முஸ்லிம் மக்களின் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை. சில நாட்களில், தெல்தெனியாவில் தாக்கப்பட்டிருந்த சிங்களச் சாரதி ஒருவர் உயிரிழந்தார். மார்ச் மாத முதல் வாரத்தில் திகனையிலும் சுற்றுப்புறங்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. எரிந்த வீடொன்றிலிருந்து ஓர் இளைஞனின் சடலத்தை எடுத்தார்கள். நாம் நிற்கும் இந்த வீதி வழியே சிறிது தூரம் போனால் அந்த இடம்.

அந்த நாட்களுக்கு முன்பும் பின்பும், ஓர் இனத்தையே கொல்லும்படி ஏவிய சிங்களப் பதிவுகள் முகநூலில் கிடந்தன. பொறுப்புள்ள அமைப்புகள் முறையிட்டன. அத்தகைய பதிவொன்றுக்கு, அது தங்கள் விதிகளை மீறவில்லை என்று கம்பனியிடமிருந்து பதில் வந்தது. சிங்களம் அறிந்து சீர்தூக்கிப் பார்க்கப் போதிய ஆட்களை அவர்கள் வைத்திருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மே மாதத்திலே, அக்கம்பனி மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு எந்தக் கடையின் கூரையையும் திருப்பிப் போடவில்லை. சிங்கள மொழிக்கே இக்கதியானால், தமிழில் எழுதப்படும் நஞ்சை அறிந்து தடுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்கும் உரிமை நமக்கில்லையா? நமக்கெதிராக எழுதப்படும் நஞ்சையும் கேட்கிறோம். நம்மவர் பிறர்மீது கக்கும் நஞ்சையும் கேட்கிறோம். இன்று அயலவன் வீட்டை எரித்த வதந்தி நாளை நம் லயத்துக்கு வராது என்று எவர் உறுதி தருவார்? 1983ஐ மறந்தவர்கள் மாத்திரமே அப்படி நம்புவார்கள்.

இரண்டாவது கேள்வி, கருவி கெட்டுப்போனால் அரசாங்கம் என்ன செய்கிறது என்பது. 2018 மார்ச் 7ஆம் திகதி முகநூல், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கினார்கள். ஒரு வாரமளவில் அந்த முடக்கம் நீடித்தது. தீ வைத்தவனுக்கும் தடை. தன் தாய் உயிரோடிருக்கிறாளா என்று விசாரிக்க விரும்பிய மகனுக்கும் தடை. இனத் துவேஷத்தைத் தூண்டுவோரைத் தண்டிக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் அப்போதே ஏட்டில் இருந்தது. வீடு எரிந்த பின்னரே ஏடு திறந்தது.

அந்தச் சட்டமே பின்னர் எவர்மீது பாய்ந்தது பாருங்கள். 2020 ஏப்ரலில், இதே கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த ரம்சி ராசிக் என்னும் ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர், துவேஷப் பிரசாரத்துக்கு எழுத்தால் பதில் சொல்லவேண்டும் என்ற கருத்தை முகநூலில் எழுதியதற்காகக் கைதானார். ஐந்து மாதங்கள் மறியலில் இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 10 இலட்சம் ரூபா நட்டஈடும் வழங்கியது. அதன்பின் 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று ஒன்றை நிறைவேற்றினார்கள். எது பொய்க் கூற்று என்று பார்க்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவுக்கு அளித்தார்கள். நாம் துவேஷத்துக்குப் பரிந்து பேசவில்லை. நீதிமன்றம் செய்யவேண்டிய வேலையை ஆட்சியாளருக்கு அண்மையிலிருக்கும் சபைகள் செய்யக்கூடாது என்கிறோம். சிறுபான்மையினரின் வாயை அடைக்க இந்நாட்டில் சட்டம் போதாமல் இருந்தது எப்போது?

மூன்றாவது கேள்வி, கருவி பிழை விட்டால் பதில் சொல்பவர் யார் என்பது. இப்போது இளைஞர்கள் அனைவரும் செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறார்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் தருகிறது, விண்ணப்பம் எழுதித் தருகிறது, சட்டமும் சொல்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் 2023இல் நியூயோர்க் நகர நீதிமன்றத்தில் நடந்ததைக் கேளுங்கள். சட்டத்தரணிகள் இருவர் அந்தப் பொறி சொன்ன முன்தீர்ப்புகளை அப்படியே எழுதிச் சமர்ப்பித்தார்கள். அத்தகைய வழக்குகளே நடந்ததில்லை! நீதிபதி 5,000 டொலர் தண்டம் விதித்தார். தண்டம் கட்டியது பொறியல்ல. சட்டம் படித்தவனையே ஏய்க்கும் கருவி, காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு வழி கேட்கும் கமக்காரனை ஏய்க்காதா? அது சொல்வதைக் கேளுங்கள். பிறகு சட்டப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், அல்லது திறக்கத் தெரிந்தவரிடம் போங்கள்.

நல்ல முறையில் அமைந்த கருவியையும் நாம் கண்டிருக்கிறோம். 2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு, கியூஆர் குறியீட்டு முறை வந்தபின் மூச்சு விட்டது. திறன்பேசி இல்லாதவர் அந்தக் குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டு போனார். அந்தத் தாள் சிறிய காரியம் போலத் தோன்றலாம். ஏழையை வாசலுக்கு வெளியே நிறுத்தாத கருவிக்கு அதுதான் அடையாளம்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை எவை? அரசாங்கம் கொண்டுவரும் ஒவ்வோர் இணையச் சேவையும் தமிழில் முழுமையாக இயங்கவேண்டும். கருவி இல்லாதவருக்குத் தாள் வழி திறந்திருக்கவேண்டும். 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலே, பொறி தானாகச் செய்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. எழுதிய உரிமையை நடைமுறையில் வாங்கித் தருவது அமைப்பின் வேலை. கொழுந்து நிறுக்க இலத்திரனியல் தராசு வருமாயின் வரட்டும். ஆனால் எண் தெரியும் முகம் கொழுந்து பறித்தவளின் பக்கம் திரும்பியிருக்கவேண்டும், நிறையைத் தமிழில் எழுதிய துண்டு அவள் கையில் சேரவேண்டும். தராசை நம்பு என்று சொல்பவர் அதைக் காட்ட அஞ்சுவானேன்?

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் நம் துறைச் சட்டத்தரணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வாசிகசாலையில் உட்காருங்கள். படிவம் நிரப்ப வருவோருக்கு நிரப்பிக் கொடுங்கள். எந்தப் படிவத்தில் தமிழ் இல்லை என்று குறித்துக் கொள்ளுங்கள். அந்தக் குறிப்புகள் முறைப்பாடுகளாகட்டும். இளைஞர்களே, உங்கள் கைக்கு வரும் வதந்தியை அனுப்புமுன் நிறுத்துங்கள். 2018இல் அப்படி நிறுத்தியவர்கள் இன்னும் சிலர் இருந்திருந்தால், இந்த வீதியில் சில வீடுகள் நின்றிருக்கும்.

நம் பாட்டன்மார் புகையிரதத்தை ஏவும் நிலையில் இருக்கவில்லை. அவர்களுக்கு வாக்கில்லை, எழுத்தில்லை, கேட்கும் மேடையில்லை. நமக்கு இம்மூன்றும் உண்டு. உண்டென்ற பின்னும் கேளாமல் இருந்தால், குற்றம் கருவியினுடையது ஆகாது. கேளுங்கள், தமிழிலே கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள்!