குளிர் நகரில் ஒரு பசுமைக் குடில்



பெங்களூருக்கு வருவோர் லால்பாக் தோட்டத்துக் கண்ணாடி மாளிகையைக் காணாமல் திரும்புவது அரிது. 1889ஆம் ஆண்டு இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அதற்கு அடிக்கல் நாட்டினார். 1851இல் லண்டனில் எழுந்த பளிங்கு மாளிகை அதற்கு முன்மாதிரி என்பர். மேலை நாட்டுத் தோட்டங்களில் கண்ணாடி வீடு என்பது பனியை வெளியே நிறுத்திக் கதிரவனின் வெப்பத்தை உள்ளே காத்துவைக்கும் கருவி. லால்பாக் மாளிகையோ மலர்க் கண்காட்சிக்கென எழுந்த மண்டபம். வடிவம் கடல் கடந்து வந்தது; வேலை இங்கே மாறிவிட்டது. மாடியில் பசுமைக் குடில் அமைத்துத் தக்காளியும் குடைமிளகாயும் பயிரிட எண்ணுவோர் முதலில் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

நம் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாத இரவுகளில் வெப்பம் 15 பாகையை ஒட்டி நிற்கும். செடியைக் கருக்கும் உறைபனி இங்கே வருவதில்லை. தக்காளிப் பூ காயாக மாறுவதற்கு மிதமான பகலும் குளிர்ந்த இரவும் வேண்டும். பகல் 35 பாகையைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் வலுவிழந்து பூ உதிரும். அத்தகைய இரவுகள் இங்கே மிகக் குறைவு. ஆதலால் குளிரை ஓட்டுவதற்காக நமக்குக் குடில் தேவையில்லை. பின் எதற்குத் தேவை? மழைக்காகவும் பூச்சிக்காகவும்தான்.

இதை நாம் பட்டே அறிந்தோம். குளிர்நாட்டு நூலொன்றைப் படித்துவிட்டு, மொட்டைமாடியில் நாற்புறமும் பாலிதீன் தாளால் மூடிய குடில் ஒன்றை எழுப்பினோம். சித்திரை மாத நண்பகலில் உள்ளே தொங்கிய வெப்பமானி 43 பாகை காட்டியது. பூக்கள் எல்லாம் கொட்டின. அஞ்சிப் பக்கத் தாள்களைச் சுருட்டிவிட்டோம். காற்று வந்தது, கூடவே வெள்ளை ஈயும் வந்தது. இரண்டு வாரத்தில் இலைகள் சுருண்டன. இருபது செடிகளையும் பிடுங்கி எறிந்தோம். வெப்பம் வெளியேற வேண்டும், ஈ உள்ளே வரக்கூடாது. இவ்விரண்டும் ஒருங்கே நடந்தால்தான் குடில்.

ஆகவே மேற்கூரைக்கு மட்டும் புறஊதாக் கதிரைத் தாங்கும் 200 மைக்ரான் பாலிதீன் தாளைச் சரிவாக இடவேண்டும். நாற்புறமும் ஓர் அங்குலத்திற்கு 50 கண் கொண்ட நைலான் வலையால் மூடவேண்டும். வலை நெருக்கமானது, காற்றையும் சிறிது தடுக்கும். அதனால்தான் ஒரு பக்கத்தோடு நிறுத்தாமல் நான்கு பக்கமும் வலையாக வைக்கிறோம். கூரை ஒன்பதடிக்குக் குறையாமல் இருப்பது நன்று. மாசி முதல் வைகாசி வரை மட்டும் கூரைமேல் நிழல்வலையை விரித்துப் பின்னர் எடுத்துவிடலாம். கால்களை நடத் தளத்தைத் துளையிட்டால் மழைநீர் கசியும். கனத்த சிமெண்டுக் கட்டைகளில் ஊன்றிக் காற்று தூக்காதவாறு கட்டுவதே தகும். ஈரமண் நிறைந்த இருபது லிட்டர் தொட்டி ஒன்று இருபது கிலோவுக்குக் குறையாது. எனவே தொட்டிகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், சுவரும் உத்திரமும் தாங்கும் இடங்களில் வரிசையாக வைக்கவேண்டும்.

செம்மண், மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு ஆகிய மூன்றையும் சமபங்காகக் கலந்து, ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கும் சேர்த்துத் தொட்டியை நிரப்புக. குழித்தட்டில் விதைத்த தக்காளி நாற்று 25 நாளில் நடவுக்கு வரும். குடைமிளகாய்க்கு 35 நாள் ஆகலாம். நாற்றுப் பருவத்திலேயே வலைக்குள் இருப்பது முக்கியம். இளமையில் நோய் பற்றிய செடி பின்னர் தேறுவதில்லை.

தக்காளியை ஒரே தண்டாகக் கயிற்றில் ஏற்றி, இலைக்கக்கத்தில் எழும் பக்கத் தளிர்களைக் கிள்ளிவிடுக. குடைமிளகாய்க்கு இரண்டு அல்லது நான்கு கிளைகள் போதும். முதற் கவட்டில் தோன்றும் பூவை நீக்கினால் செடி முதலில் வலுப்பெறும். தண்ணீரைக் காலையில் வேரடியில் மட்டும் விடுக. ஒருநாள் காய்ந்தும் ஒருநாள் வெள்ளமாகவும் இருந்தால் கால்சியம் காய்க்குச் சேராமல் அதன் அடிப்பகுதி கறுத்து அழுகும்.

வலை ஈயைத் தடுப்பது போலவே நண்பர்களான வண்டுகளையும் தடுத்துவிடும். தக்காளிப் பூவின் மகரந்தக் கூம்பு நுனியில் மட்டும் திறந்திருக்கும். அதிர்வு கொடுத்தால்தான் தூள் உதிரும். திறந்த வெளியில் காற்றும், ரீங்காரமிட்டுப் பூவைக் குலுக்கும் தச்சு வண்டு போன்றவையும் அவ்வேலையைச் செய்கின்றன. குடிலுக்குள் அது நம் வேலை. முற்பகலில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டினால் போதும்; நாள்தோறும் ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது.

வாடும் செடியைக் கண்டால் உடனே தண்ணீர் ஊற்றவேண்டாம். தண்டை வெட்டி, வெட்டுமுனையைக் கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில் பிடித்துப் பாருங்கள். பால்போல் இழை இழையாகக் கசிந்தால் அது பாக்டீரியா வாடல் நோய். அச்செடியை மண்ணோடு அகற்றுக. அந்தத் தொட்டியில் மீண்டும் தக்காளி, மிளகாய், கத்தரி எதையும் நடாதீர்கள். இவை மூன்றும் ஒரே குடும்பம். ஒன்றின் நோய் மற்றொன்றையும் பற்றும்.

நகரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இத்துறையில் பெருந்துணை. அது வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்னும் வீரிய ஒட்டுத் தக்காளி, இலைச்சுருள், வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் எதிர்க்கும். அர்கா மோகினி, அர்கா கௌரவ் என்பன அதன் குடைமிளகாய் வகைகள்.

குடில் வைத்தால் காசு மிச்சமாகுமா என்று கேட்பீர்கள். 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது பலரும் அப்படி எண்ணினர். கணக்குப் பார்த்தால் முதற் சில ஆண்டுகளில் மிச்சம் இராது. ஆனால் காயின் மேல் என்ன மருந்து தெளிக்கப்பட்டது என்பதை நாமே அறிவோம். ஒரு கிலோ தக்காளிக்குப் பின்னே எத்தனை மழையும் ஈயும் கடந்த உழைப்பு இருக்கிறது என்பதையும் அறிவோம். அதன்பின் கோலாரிலிருந்து கூடையோடு வரும் உழவரிடம் பேரம் பேச நமக்கு மனம் வருவதில்லை.