மலையின் வயதும் கறையானின் வயதும்

டைனோசர் காலத்துப் பூச்சிகளைப் பற்றி ஆனைகட்டியில் பேச வருகிறவர் முதலில் ஒரு கணக்கை நேர்செய்துகொள்ள வேண்டும். தடாகம் வழியாக ஏறி வரும்போதும், கொடுங்கரைப் பள்ளத்தைத் தாண்டி அட்டப்பாடிக்குள் நுழையும்போதும் நம் காலடியில் கிடப்பது 200 கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை. பூமியின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறியது. பூச்சிகள் தோன்றி ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகள்தாம் ஆகின்றன. ஆகவே இந்த மலையை எவ்வளவு உடைத்தாலும் ஒரு வண்டின் இறகுகூடக் கிடைக்காது. ஆனாலும் மலையின் முதுமையைப் பார்த்து, அதில் ஊரும் உயிர்களையெல்லாம், தென் கண்டங்கள் ஒன்றாய் ஒட்டியிருந்த கோண்டுவானா நிலத்தின் எச்சங்கள் என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மிடையே வலுத்திருக்கிறது. மேடைப் பேச்சுக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு பூச்சிக் குலத்தின் வயதை மலையோ அதன் இன்றைய இருப்பிடமோ சொல்லாது, புதைபடிவமே சொல்லும் என்பது என் வாதம்.

அந்தப் பழக்கத்துக்கு ஊட்டம் கொடுத்தது ஒரு தவளை. 2003இல் ஆய்வாளர்கள் பிஜுவும் பாஸ்யூட்டும் இடுக்கியிலிருந்து விவரித்த ஊதாத் தவளைக்கு மிக நெருங்கிய உறவினர்கள் கடல் கடந்து செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்தபோதே கிளைபிரிந்த குலம் அது. 2017இல் விவரிக்கப்பட்ட இன்னொரு ஊதாத் தவளைக்கு, இந்த ஆனைகட்டி சாலிம் அலி மையத்தில் பணியாற்றி மறைந்த பூபதியின் பெயர் சூட்டப்பட்டது. இந்தத் தவளையைப் பழைய நிலத்தின் எச்சம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அது மண்ணுக்குள் இருந்துகொண்டு தின்பது எதை? பெரும்பாலும் கறையானை. கறையான்களும் பழைய குலத்தவையே. கரப்பான் வம்சத்தின் ஒரு கிளையாகிய அவற்றின் புதைபடிவங்கள் சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்தே கிடைக்கின்றன. இருந்தும் நம் தோட்டங்களில் புற்றெழுப்பி, உள்ளே பூஞ்சை வளர்த்து, மழைக்குப் பின் ஈசலாய்ப் பறக்கும் கறையான்களின் கதை வேறு. பூஞ்சை வளர்க்கும் அந்தக் கிளை, டைனோசர்கள் அழிந்து நெடுங்காலத்துக்குப் பிறகு, ஆப்பிரிக்கக் காடுகளில் உருவாகி ஆசியாவுக்கு வந்தது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரே மலைச்சரிவில் பழங்குடியும் உண்டு, பின்னால் வந்து குடியேறியதும் உண்டு. மண்ணைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது.

மரபணுவை ஒப்பிட்டாலே வயது தெரிந்துவிடுமே, கல்லைத் தேடுவானேன் என்று கேட்கலாம். இரண்டு பூச்சிகளுக்கிடையே எத்தனை மாற்றங்கள் சேர்ந்திருக்கின்றன என்பதை மரபணு சொல்லும். அதை ஆண்டுகளாக மாற்ற, காலம் உறுதியான ஒரு புதைபடிவமாவது வேண்டும். படிக்கல் இல்லாத தராசு எது கனம் என்று காட்டும், எத்தனை கிலோ என்று காட்டாது.

அடுத்த மறுப்பு இதைவிடக் கூர்மையானது: அகப்படாதது இல்லாததாகுமா? ஆகாது. குஜராத்தின் வஸ்தான் நிலக்கரிச் சுரங்கங்களில் ஆம்பர், அதாவது இறுகிக் கல்லான மரப்பிசின், கிடைக்கிறது. வயது 5 கோடி ஆண்டுகளுக்கும் சற்று மேல். அதில் சிக்கிய 700க்கும் மேற்பட்ட பூச்சி, சிலந்தி முதலியவற்றின் படிவங்களை ஆராய்ந்து ஜெஸ் ரஸ்ட் குழுவினர் 2010இல் வெளியிட்டார்கள். பிசினில் சிக்குவது பெரும்பாலும் மரத்தை ஒட்டி வாழும் சிற்றுயிர்களே என்பதால், அதில் இல்லாதவற்றை வைத்து எதையும் நிறுவ முடியாது. அங்கே இருந்தவை எவை என்பதுதான் முக்கியம். கோண்டுவானாவிலிருந்து பிரிந்து தீவாகத் தனித்து மிதந்த இந்திய நிலத்தில் விநோதப் பூச்சிகள் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஐரோப்பா, ஆசியா, ஏன் நடு அமெரிக்கா வரையிலான பூச்சிகளின் உறவினர்கள் கிடைத்தார்கள். எச்சம் என்று எளிதாகச் சொல்லிவிடுவதற்கு இது பெரிய தடை. ஆனால் அதற்குள் இந்தியா ஆசியாவை நெருங்கிவிட்டிருந்தது. கலப்பு அப்போதுதான் நடந்தது என்றால் அதை இந்தப் பிசின் மறுக்காது. அவ்வளவில் எதிர்வாதம் நிற்கிறது.

டைனோசர் காலத்துக்கே போக வேண்டுமானால் பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கின் கோட்டாப் படிவங்கள் இருக்கின்றன. ஜுராசிக் காலத்தைச் சேர்ந்தவை. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் நிற்கும் பரபாசாரஸ் டாகோரி என்ற பேருருவம் அங்கே கிடைத்ததுதான். அங்குள்ள ஏரிச் சுண்ணாம்புக்கல்லில் மீன்களோடு கரப்பான், வண்டு ஆகியவற்றின் படிவங்களும் உண்டு. ஆனால் அவை வாழ்ந்தபோது இந்தியா இன்னும் கோண்டுவானாவோடு ஒட்டியிருந்தது. தனிப் பயணம் அதற்குப் பிறகுதான். அந்த இடைக்காலத்தை மியான்மரின் கச்சின் ஆம்பரால் நிரப்பலாம் என்பார்கள். டைனோசர் இறகைப் பற்றிக்கொண்ட உண்ணிகூட அதில் கிடைத்திருக்கிறது, வயதும் சுமார் 9.9 கோடி ஆண்டுகள். ஆனால் அந்த நிலத்துண்டு அப்போது தனித் தீவாக இருந்திருக்கலாம். அதன் பூச்சிகளை இந்தியாவுக்குச் சாட்சியாக நிறுத்த எனக்குத் துணிவில்லை.

சாட்சியைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே தேடினால், அரியலூர் கடலடிப் படிவம். அம்மோனைட்டுகளைத் தேடலாம், பூச்சியை எதிர்பார்க்கக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர், சிவகங்கைப் பக்கத்துக் களிமண் பாறைகள் அப்படியல்ல. கிரிட்டேசியஸ் தொடக்கத்தைச் சேர்ந்த டிலோஃபில்லம் முதலிய செடிகளின் இலைப் பதிவுகள் அங்கே கிடைக்கின்றன. மெல்லிய இலையைக் காத்த சேறு இறகையும் காத்திருக்கக்கூடும். உடல் அழிந்தாலும் இலை விளிம்பில் கடித்த வெட்டு மிஞ்சும். உள்ளே புழு குடைந்த தடமும் மிஞ்சும். செடிக்குப் பெயரிட்டு அருங்காட்சியகங்களில் வைக்கப்பட்டிருக்கும் இலைகளை, விளிம்புகளுக்காக மட்டும் உருப்பெருக்கியின் கீழ் மறுபடி பார்க்கலாம். அதற்குப் புதிய அகழாய்வு அனுமதி எதுவும் தேவையில்லை.