கடிந்துரைக்கும் ஆங்கிலம்



ஆங்கிலம் பயிலும் நாம், அம்மொழியில் பணிந்து வேண்டுவதையே முதலில் கற்கிறோம். 'ஐ ஹம்ப்ளி ரெக்வெஸ்ட்' என்பது நம் அனைவருக்கும் மனப்பாடம். கடமை தவறியவரைக் கண்டிக்கும் சொற்றொடர்களோ நம் பேனாவில் எழுவதில்லை. உரிமை கேட்கும் சமுதாயத்திற்கு அவையும் வேண்டும்.

கண்டனத்திற்குப் படிகள் உண்டு. 'ரிக்ரெட்டபிள் டிலே' என்றால் வருந்தத்தக்க தாமதம். 'இன்எக்ஸ்க்யூசபிள் டிலே' என்றால் மன்னிக்கவியலாத தாமதம். 'கிராஸ் நெக்லிஜென்ஸ்' என்பது பெருங்கவனக்குறைவு. அதனினும் கடியது 'காலஸ் இன்டிஃபரன்ஸ்'. 'காலஸ்' என்னும் சொல், தோல் தடித்துக் காய்த்துப்போவதைக் குறித்த இலத்தீன் சொல்லின் வழி வந்தது. உழைப்பவன் கை காய்ப்பது இயல்பு. அதிகாரத்தின் நெஞ்சு காய்ப்பதே குற்றம்.

உதவித்தொகை கிடைக்காத மாணவன் எடுத்த எடுப்பிலேயே இக்கடுஞ்சொல்லை எழுதினால், அது வெறும் கோபமாகவே கொள்ளப்படும். விண்ணப்பித்த நாள், நினைவூட்டிய நாள், ஒப்புகைச் சீட்டின் எண் ஆகியவற்றை வரிசையாக எழுதி, இறுதியில் அச்சொல்லை வைத்தால், அதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. சான்று முன்னே, சொல் பின்னே. கண்டனம் செயலின்மீது, ஆளின் பிறப்பின்மீதன்று. இவ்விரண்டையும் நாம் மறத்தலாகாது.

அண்ணல் அம்பேத்கர் இவ்வாற்றலின் பேரெடுத்துக்காட்டு. லாகூர் ஜாத்-பாத் தோடக் மண்டலின் மாநாட்டிற்கென அவர் 1936இல் ஆங்கிலத்தில் எழுதிய தலைமையுரையின் கருத்துகளை அமைப்பாளர் ஏற்கவில்லை, மாநாடும் நடைபெறவில்லை. அவரோ ஒரு சொல்லையும் மாற்ற இசையாமல், தம் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டார். இரண்டே திங்களில் அவை தீர்ந்தன. அதுவே 'சாதி ஒழிப்பு' என நாம் அறிந்த நூல். அதன் கடுமை, சாத்திரங்களையும் வரலாற்றையும் ஆழ்ந்து கற்றதால் பிறந்த கடுமை.

இறுதியாக, நாம் ஒருபோதும் கைக்கொள்ளலாகாத ஒரு சொல்லும் ஆங்கிலத்தில் உண்டு. அது 'பரையா'. தமிழகத்து உழைக்கும் மக்கள் பிரிவொன்றின் பெயரே, கடல் கடந்து, 'ஒதுக்கப்பட்டவன்' என்னும் இழிபொருளில் அகராதி ஏறியது. உலகம் விலக்கிவைத்த நாட்டை இன்றும் 'பரையா ஸ்டேட்' என எழுதுவோர் உளர். படித்த நம்மவரும் பொருளுணராது அதனை வழங்குகின்றனர். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் அப்பெயரையே தம் இதழுக்குச் சூட்டித் தலைநிமிர்ந்தார். அவர் பெருமையாக ஏந்திய பெயரை நாம் வசையாக வழங்கலாமா?

இளைஞர்களே! கண்டிக்கக் கற்போம், சான்றோடு கண்டிப்போம், எவர் பிறப்பையும் வசைச்சொல்லாக்காமல் கண்டிப்போம்.