வரைபடத்தில் விடுபட்ட கழிமுகம்

(மீஞ்சூர் வட்டாரக் கடலோர ஊராட்சி மக்களிடையே நிகழ்த்திய உரை)



துறைமுகம், அனல்மின் நிலையம், பெருஞ்சாலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுவது பட்டணத்துப் பொறியாளர் வேலை. கிராம அபிவிருத்தியில் அதற்கென்ன இடம் என்று நம்மில் சிலர் வினவக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால், கொசஸ்தலையாற்றுக்கு எல்லைக் கல் தெரியாது. பூண்டியில் மதகு திறந்தால் அந்நீர் எண்ணூர் முகத்துவாரத்தின் வழியேதான் கடலை அடைய வேண்டும். தென்கரையில் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தன. வடபுறத்தில் நாம் ஊராட்சிகளாக இருக்கிறோம். வெள்ளம் இரு புறத்துக்கும் ஒன்றே.

ஒரு வரலாற்றை நினைவுகூர்வோம். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் கடலேற்றம் பாயும் நீர்நிலையாகக் குறிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் புழங்கிய படமொன்றில் அதன் பெரும்பகுதியைக் காணோம்! தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மீனவர் வலை வீசிக்கொண்டுதான் இருந்தனர். காகிதத்தில் மட்டும் கழிமுகம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கொண்டு பழைய படத்தைக் கேட்டுப் பெற்று, 2017-இல் ஊரறியச் செய்தவர்கள் பொதுமக்களே. அவ்வாண்டே டி. எம். கிருஷ்ணா பாடிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' இதனைப் பலரும் பேசும் பொருளாக்கிற்று. புறம்போக்கு என்பது ஊர்ப்பொது நிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல். அது எங்ஙனம் வசைச்சொல்லாயிற்று என்பது தனியே ஆராயத்தக்கது.

நாம் தொழில் வளர்ச்சியை வேண்டாமென்போர் அல்லோம். எங்கே, எப்படி என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெருந்திட்டங்கள் பலவற்றிற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியாக வேண்டும். 30 நாட்களுக்குக் குறையாமல் முன்னறிவிப்பு வேண்டும். திட்டச் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். நடவடிக்கை முழுவதும் ஒளிப்பதிவாக வேண்டும். அக்கூட்டத்தில் 'ஒழிக' என்னும் முழக்கம் குறிப்பேட்டில் ஒரு வரியோடு முடிந்துவிடும். 'இந்த ஓடையில் ஐப்பசியில் இத்தனை முழம் ஆழம் இருந்தது. சாம்பல் படிந்தபின் படகு தரைதட்டுகிறது' என்று ஒருவர் எழுந்து சொன்னால், திட்டத்தார் விடை சொல்லியே தீர வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகமெங்கும் பரவியதே, அது எந்தத் துறையில் முதலில் படிந்தது என்பது நமக்குத் தெரியும், கோப்புக்குத் தெரியாது.

சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2026-ஐ இலக்காகக் கொண்டு 2008-இல் வெளிவந்தது. மூன்றாம் திட்டத்திற்கு 2022-இல் மக்கள் கருத்தைக் கேட்கத் தொடங்கினர். நம் அத்திப்பட்டும் நந்தியம்பாக்கமும் அப்பெருநகர் எல்லைக்குள் அடங்கியவையே.

ஆகவே, அக்டோபர் 2-ஆம் நாள் கிராம சபைகளில் இப்பகுதியின் படத்தைப் பாயைப்போல் தரையில் விரிப்போம். வலை காயும் இடம், படகுத்துறை, பாடு, ஓடை, புயலில் ஒதுங்கும் மேடு ஆகியவற்றுள் விடுபட்டதை அவரவர் கையாலேயே குறிக்க வேண்டும். கையால் தடவி இறால் பிடிக்கும் மகளிரும் அவசியம் வர வேண்டும். அவர்கள் இறங்கும் சேற்றுத் திட்டுகளை நாம் எந்தப் படத்திலும் இதுவரை கண்டதில்லை.