அளந்தறிந்து ஆள்க!

(சொற்பொழிவின் சுருக்கம்)



செயற்கை நுண்ணறிவுப் பொறிகளை அரசுகள் ஒவ்வொன்றாக ஆளுகைக்குள் கொணர்ந்து வருகின்றன. அவற்றிடம் நாம் எழுப்பவேண்டிய வினா இரண்டு. இப்பொறி யாரிடத்துப் பிழைபடுகின்றது? அதனை அளந்தவர் யார்? இவ்வினாக்களின் ஆற்றலை அமெரிக்க நாட்டு நிகழ்ச்சிகளால் விளக்குவேன்.

முகத்தைக் கண்டு ஆணா பெண்ணா எனக் கூறும் பொறிகள் மூன்றனைச் சாய் புவோலாம்வினி, திம்னித் கெப்ரு என்னும் கறுப்பினப் பெண்ணறிஞர் இருவர் ஆய்ந்து, 2018இல் முடிவை வெளியிட்டனர். ஆப்பிரிக்க நாடுகள் மூன்று, ஐரோப்பிய நாடுகள் மூன்று ஆகியவற்றின் நாடாளுமன்ற உறுப்பினர் 1,270 பேரின் முகங்களே அவர்தம் உரைகல். மொத்தமாகப் பார்த்தபோது பொறிகள் நன்றாகவே தோன்றின. பாலும் தோல்நிறமும் கொண்டு பகுத்துப் பார்த்தபோதோ உண்மை வெளிப்பட்டது! வெண்ணிற ஆடவரிடத்து மிகக் கூடிய பிழையே 0.8 விழுக்காடு, கருநிறப் பெண்டிரிடத்தோ 34.7 விழுக்காடுவரை! நிரவல் கணக்கு என்னும் போர்வைக்குள் ஒரு கூட்டத்தாரின் இழப்பு மறைந்து கிடந்தது.

பின் என்ன நிகழ்ந்தது? 2019இல் வெளிவந்த மறு ஆய்வில், முன்னர் அளக்கப்பட்ட மூன்று பொறிகளிலும் அப்பிழை பெரிதும் குறைந்திருந்தது. புதிதாக அளக்கப்பட்ட வேறு நிறுவனத்தார் பொறிகளிலோ அது மிகுந்தே இருந்தது. வெளியார் அளந்து ஊரறியச் சொன்னதே திருத்தத்தைக் கொணர்ந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதே ஆண்டில் அமெரிக்க அரசின் அளவைத்தர நிறுவனம், ஆளை அடையாளங் காணும் 189 செய்நிரல்களை ஆய்ந்தது. ஒருவரை வேறொருவராகக் கொள்ளும் பிழை, பல செய்நிரல்களில் கறுப்பினத்தாரிடத்தும் ஆசியரிடத்தும் 10 முதல் 100 மடங்குவரை மிகுந்திருந்தது. ஆசியாவில் உருவான சிலவற்றிலோ ஆசியர்க்கு அவ்வேறுபாடு இல்லை. எம்முகங்களைக் காட்டிப் பயிற்றினர் என்பதே இதற்குக் கரணியமாகலாம் என்றனர் ஆய்வாளர்.

இது வெறும் எண்ணன்று. 2020இல், பொறி தவறாகச் சுட்டிய ஒரு கறுப்பினத்தவரை அவர்தம் மனைவி மக்கள் கண்முன்னே திதிராய்த்து நகரக் காவலர் தளைப்படுத்தி, ஏறத்தாழ 30 மணிநேரம் அடைத்து வைத்தனர். அவர் வழக்காடினார். பொறியின் சொல்லை மட்டுமே கொண்டு எவரையும் தளைப்படுத்தலாகாது என 2024இல் அந்நகரக் காவல்துறை உடன்பட்டது. சான் பிரான்சிசுகோ நகரமோ, தன் துறைகள் முகமறி பொறியைக் கையாளவே கூடாதென 2019இலேயே சட்டஞ்செய்தது.

எனவே, அரசுகள் கொள்ளத்தக்க நெறி மூன்று. பொறியை வாங்குமுன் அளக்கவேண்டும். விற்போரல்லாத பிறர் அளக்கவேண்டும். கூட்டங்கூட்டமாகப் பகுத்தளந்து, முடிவைப் பொதுமக்கள் முன் வைக்கவேண்டும்.

ஒன்றை மறவாதீர்! பிழை எவ்வளவு என்பதை ஆய்வு சொல்லும். பிழையே இல்லாத பொறியாயினும், அது நம்மைத் தெருத்தெருவாகக் கண்காணிக்கலாமா என்பதை மக்களே முடிவு செய்யவேண்டும். அளவையை அறிஞரிடம் கேட்போம். முடிவு செய்யும் உரிமையை எவர்க்கும் விட்டுக்கொடோம்!