வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகள்



மக்தப் மதரஸாவில் சில பிள்ளைகள் உஸ்தாத் ஓதுவதைச் செவியால் கேட்டே மனனம் செய்துவிடுவர். அதே வரியை எழுத்துக்கூட்டி ஓதச் சொன்னாலோ, கீழே ஒரு புள்ளியுள்ள ‘பா’வையும் மேலே இரு புள்ளிகளுள்ள ‘தா’வையும் மாற்றி உரைப்பர். பள்ளிக்கூடத்திலும், நேற்று வாசித்த சொல்லை இன்று புதிதாய்க் கண்டதுபோல் விழிப்பர். இவர்களை ‘மக்கு’ என்றும் ‘சோம்பேறி’ என்றும் அழைத்துவிடுகிறோம்.

இத்தன்மைக்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்று பெயர். 1896-ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், வாசிக்க இயலாத 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடங்கள் யாவும் வாய்மொழியாக நடந்தால் அவனே பள்ளியில் முதல்வனாவான் என அவனுடைய ஆசிரியர் கருதினார். ஆகவே இது அறிவுக் குறைவு அன்று. சொல்லை ஒலிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஒலியையும் உரிய எழுத்தோடு பொருத்துவதே இவர்களுக்குக் கடினம். அடியும் ஏச்சும் அதைக் கற்பிக்கமாட்டா, அச்சத்தையே கற்பிக்கும்.

பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, பிள்ளையின் பார்வையையும் செவித்திறனையும் பரிசோதித்துக் கொள்ளுங்கள். பின்னர் நாள்தோறும் பதினைந்து நிமிடம் அருகில் அமருங்கள். ‘மரம்’ என்பதை ‘ம – ர – ம்’ எனக் கைதட்டிப் பிரிக்கச் செய்யுங்கள். அந்த எழுத்துக்களை, ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதட்டும். ல, ள, ழ மூன்றையும் ஒரே நாளில் புகட்டாதீர்கள். ஒன்று உறுதிப்பட்ட பின் மற்றொன்று. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. இதைத் தனியே விளக்குங்கள்.

பிழையான சொல்லை ஐம்பது முறை எழுதச் சொல்வதில் பயனில்லை. சொல்லைப் பார்த்து, உரைத்து, மறைத்துவிட்டு எழுதி, பின்னர் அவனே ஒப்பிட்டுத் திருத்தட்டும். வாசிக்கும்போது முதலில் நீங்கள் வாசியுங்கள். பிறகு சேர்ந்து வாசியுங்கள். இறுதியில் அவன் தனியே வாசிக்கட்டும்.

முன்னேற்றம் மெதுவாகவே வரும். தேவைப்படின் உளவியல் நிபுணரிடம் முறையான மதிப்பீடு பெறுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்கற்றல் குறைபாட்டையும் ஏற்றுள்ளது. சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் உண்டு. சென்னையில் 1991-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இத்துறையில் பணியாற்றி வருகிறது.

அன்புப் பெற்றோர்களே! ‘படிப்பு ஏறவில்லை’ என்று கூறிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். அவனால் படிக்க முடியும். அவனுக்குரிய வழியில் கற்பிப்பதற்கான பொறுமைதான் நம்மிடம் வேண்டும்.