அரைக்கம்பத்தில் ஒரு கொடி: யாருக்காக என்று கேட்போம்

(அமெரிக்காவில் தமிழ்ப் பள்ளி ஒன்றின் பெற்றோர் - இளையோர் சந்திப்பில் தன்னார்வலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பொறியியல் படித்து, கணினித் துறையில் பணியாற்றி, வார இறுதிகளில் இப்பள்ளியில் நாற்காலி அடுக்குபவர்களுள் ஒருவன். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், நாம் அனைவரும் கண்டும் காணாமல் கடந்து செல்லும் ஒரு காட்சி. அஞ்சலகத்தின் முன்னும் பள்ளியின் முன்னும் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறக்கும் காட்சி.

அண்மையில் ஒரு நாள் காலை, மகளைப் பள்ளியில் இறக்கிவிடச் சென்றேன். கொடி தாழ்ந்திருந்தது. "அப்பா, யாரு செத்துப்போனாங்க?" என்று கேட்டாள். "யாரோ பெரிய மனிதராக இருக்கும்" என்றேன். "பேரு கூடத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு இறங்கிச் சென்றுவிட்டாள். அன்று மாலை தேடிப் பார்த்தேன். பணியின்போது உயிர்நீத்த ஒரு தீயணைப்பு வீரருக்காக எம் மாநில ஆளுநர் இட்ட ஆணை அது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனெனில், ஒரு காலத்தில் இதே கொடி என் மக்களுக்காகவும் தாழ்ந்தது.

2004 டிசம்பர் 26. நான் இந்நாட்டிற்கு வந்து முதல் குளிர்காலம். எங்கள் ஊர் நாகப்பட்டினம் மாவட்டக் கடற்கரையை ஒட்டியது. ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. இலங்கையில் மாண்டோர் முப்பதாயிரத்திற்கும் மேல். என் தாய்மாமன் குடும்பம் பிழைத்தது. அவர்கள் தெருவில் பலர் பிழைக்கவில்லை. விடுமுறை முடிந்து சனவரி 3 அன்று அலுவலகம் சென்றேன். எல்லோரும் விடுமுறைக் கதைகளைப் பேசிக்கொண்டிருந்தனர். எவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் எவரிடமும் சொல்லவில்லை. நண்பகலில் அஞ்சலகம் சென்றபோது கொடி அரைக்கம்பத்தில் இருந்தது. உள்ளே இருந்த முதிய ஊழியரிடம் காரணம் கேட்டேன். "கடல் அலையில் இறந்த மக்களுக்காக; வெள்ளிக்கிழமை மாலை வரை" என்றார். காருக்குத் திரும்பி வந்து, அந்த ஒரு வாரத்தில் முதன்முறையாக அழுதேன்.

இறந்தவர் எவரையும் அக்கொடி மீட்டுத் தரவில்லை. ஆயினும் என் துயரம் என்னுடையது மட்டுமன்று என்று அது சொல்லிற்று. அன்றைய குடியரசுத் தலைவர் சார்ச் புஷ் பிறப்பித்த அறிவிப்பின்படி 2005 சனவரி 7 மாலை வரை அக்கொடிகள் தாழ்ந்தே பறந்தன.

இளையோர் இதன் நடைமுறையையும் அறிந்திருத்தல் நலம். அமெரிக்காவில் 1954இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் வெளியிட்ட அறிவிப்பு இதனை ஒழுங்குபடுத்தியது. பின்னர் அது சட்டமாகவும் ஆனது. குடியரசுத் தலைவரோ, முன்னாள் குடியரசுத் தலைவரோ மறைந்தால் 30 நாட்கள். துணைக் குடியரசுத் தலைவர், தலைமை நீதிபதி, கீழவையின் அவைத்தலைவர் ஆகியோருக்கு 10 நாட்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கு இறந்த நாளும் அடுத்த நாளும். மாநில அளவில் ஆளுநர் ஆணையிடலாம். போரில் மாண்டோரை நினைவுகூரும் மே மாத இறுதித் திங்களன்று, நண்பகல் வரை மட்டுமே கொடி தாழ்ந்திருக்கும்; அதன்பின் உச்சிக்கு உயர்த்தப்படும்.

ஏற்றும் முறையிலும் ஒரு பொருள் உண்டு. கொடியை நேரே பாதிக் கம்பத்தில் கட்டிவிடுவதில்லை. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகே தாழ்த்துகின்றனர். மாலையில் இறக்கும்போதும் மீண்டும் உச்சிக்கு ஏற்றிய பின்னரே இறக்குவர். இந்தியாவின் கொடி விதிகளும் இதையே சொல்கின்றன. கொடிக்கு உரிய இடம் உச்சியே. துயரத்தின் பொருட்டு அது தானே இறங்கி நிற்கிறது என்பது இதன் உட்பொருள் என நான் கொள்கிறேன்.

நமக்கு இது அந்நியமான மரபன்று. நம் ஊர்களில் சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு எரியாது. உறவினரும் அண்டை வீட்டாருமே உணவு கொண்டு வருவர். அன்றாட வாழ்வு ஒரு கணம் நின்றுவிட்டது என்பதற்கு எரியாத அடுப்பு ஓர் அடையாளம். தாழ்ந்த கொடி ஒரு நாட்டின் எரியாத அடுப்பு.

"அடிக்கடி தாழ்த்துகிறார்களே, இதற்கு மதிப்பு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் மதிப்புக் குறைவது கொடி தாழ்வதால் அன்று. நாம் காரணம் கேட்காமல் கடந்து செல்வதால். 2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலத்தின் ஓக் கிரீக் நகரில், சீக்கியர் வழிபாட்டிடத்தினுள் புகுந்த ஒருவன் வழிபட வந்தோரைச் சுட்டுக் கொன்றான். ஆகஸ்ட் 10 வரை நாடெங்கும் கொடிகள் தாழ்ந்தன. தலைப்பாகை அணிந்த அம்மக்களும் இந்நாட்டின் மக்களே என்று பேச்சின்றி உரைத்த செய்தி அது. அவ்வாரத்தில் நம்முள் எத்தனை பேர் நம் பிள்ளைகளிடம் அதைப் பற்றிப் பேசினோம்? நான் பேசவில்லை.

கொடி தாழ்வதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. கனடாவில், பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகளில் இறந்த குழந்தைகளின் நினைவாக 2021 மே 30இல் தாழ்த்தப்பட்ட கூட்டரசுக் கொடிகள், நவம்பர் 7இல்தான் மீண்டும் உயர்ந்தன. எப்போது உயர்த்துவது என்பதே அங்கு பெரும் வினாவாக எழுந்தது. உண்மை முழுதும் வெளிவராமல், நீதி கிட்டாமல் துயரத்தை முடித்துவிட இயலுமா என்ற வினா அது. துயரத்தைச் சுமந்து கடல் கடந்து வந்த எம்மனோர்க்கு அவ்வினா புதியதன்று.

பெற்றோர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை கொடி தாழ்ந்திருக்கக் கண்டால், "யாருக்காக?" என்று கேளுங்கள். அப்பெயரைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். இளையோரே, உங்கள் பெற்றோருக்குத் தெரியவில்லையெனில் நீங்கள் தேடிச் சொல்லுங்கள். வகுப்பிலோ அலுவலகத்திலோ அருகிருப்பவரின் நாட்டில் பேரிடர் நிகழ்ந்த செய்தி கேட்டால், "உங்கள் வீட்டார் நலமா?" என்று ஒரு சொல் கேளுங்கள். 2005 சனவரியில் என்னிடம் எவரும் கேட்காத கேள்வி அது. கொடி தாழாத மரணங்களே உலகில் மிகுதி. அவற்றிற்கு நம் ஒரு சொல்லே அரைக்கம்பம்.

என் மகளிடம் அந்தத் தீயணைப்பு வீரரின் பெயரைச் சொன்னேன். மறுநாள் அப்பெயரைச் சொல்லிக்கொண்டே பள்ளிக்குள் நடந்தாள்.